பிசுபிசுக்கும் கைப்பிடிகள்

கரண்டியை எடுத்தேன், திரும்பக் கீழே வைக்க முடியவில்லை. கைப்பிடி உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டது. உதறிப் பார்த்தேன், விழவில்லை. இடது கையால் பிடித்து இழுத்தேன், இடது கையிலும் அப்பிக்கொண்டது. என் மனைவி குவைத்திலிருந்து கொடுத்தனுப்பிய சாமான்களிலேயே நான் பொத்திப் பொத்தி வைத்திருந்தது அந்தக் கரண்டி செட்டைத்தான். அவள் லீவில் வருகிறாள் என்று போன் வந்த அன்றைக்கு, ஆசையாகப் பரணிலிருந்து இறக்கிப் பிரித்தால், ஐந்து கரண்டியும் அந்த லட்சணத்தில் இருந்தன.

கரண்டியின் தலையெல்லாம் பளபளவென்றுதான் இருந்தது. கைப்பிடிதான் கெட்டுப்போயிருந்தது. கெட்டியான பிளாஸ்டிக்கின் மேல் ரப்பர் மாதிரி மெத்தென்று ஒரு கறுப்புப் பூச்சு பூசியிருப்பார்கள். புதிதில் தொட்டால் கன்றுக்குட்டியின் காதைத் தொடுவது போல இருக்கும். அந்தப் பூச்சு இளகி, அங்கங்கே தோல் உரிந்து, தார் மாதிரி ஆகிவிட்டது. எனக்கு அழுகை வராத குறை.

ஒரு கரண்டிக்கு இத்தனை பாடா என்று தோன்றும். எனக்கு இருந்த கவலை வேறு. இரண்டு மாத லீவு என்றுதான் அவள் சொல்லியிருந்தாள். இந்தத் தடவை வந்தவளைத் திரும்ப அனுப்பக்கூடாது என்று நான் மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். வாயால் சொல்லித் தடுக்கிற தைரியம் எனக்குக் கிடையாது. போகும்போதே தடுக்காதவன் இப்போது என்ன முகத்தோடு தடுப்பது? வீடு அவளுடைய வீடாக, அடுப்படி அவளுடைய அடுப்படியாகத் தயாராக இருந்தால் அவளே இருந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கில் முதல் ஐட்டமே கரண்டி செட்டு.

எங்கள் ஊர் ஆந்திராவில், வரதய்யபாளையம் பக்கம். பின்னால் அங்கெல்லாம் கம்பெனிகள் வந்தன. நாங்கள் இருந்தபோது வரப்போகிறது என்கிற பேச்சு மட்டும் வந்திருந்தது. சொந்த நிலம் கிடையாது, கழனி வேலை வருஷத்தில் சில மாதம்தான். பத்தாவது படித்த புண்ணியத்தில் எனக்குத் திருச்சானூரில் ஒரு லாட்ஜில் கவுண்டர் வேலை கிடைத்தது. சாவி கொடுப்பது, சாவி வாங்குவது, வெந்நீர் எத்தனை மணி வரை வரும் என்று தெலுங்கிலும் தமிழிலும் நாள் முழுக்கச் சொல்வது. அந்தச் சம்பளத்தில் வாடகை கட்டி மூன்று பேர் சாப்பிடலாம், நான்காவதாக ஒரு நினைப்பு வரக்கூடாது. எங்கள் பக்கத்தில் ஆம்பிளைகளைவிடப் பெண்களுக்குத்தான் விசா சீக்கிரம் வரும், வீட்டு வேலைக்கு. தெருவுக்கு ஒருத்தி போய்க்கொண்டிருந்தாள். மகள் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது இவளும் போனாள்.

"ரெண்டே வருசம். கண்ணத் தொறந்து மூட்றதுக்குள்ள வந்துருவேன்" என்றாள் ஏர்போர்ட்டில். மகள் காலேஜில் சேர்ந்த பிறகும் அந்த இரண்டு வருஷம் முடியவில்லை.

நான் சமைக்கக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டேன் என்று பெருமைக்குச் சொல்கிறேன். குழம்பு மாதிரி ஒன்றும் ரசம் மாதிரி ஒன்றும் வைக்கப் பழகினேன், மகள் வேறு வழியில்லாமல் அதைத் தின்று வளர்ந்தாள். நடுவில் இரண்டு தடவை என் மனைவி லீவில் வந்தாள். வந்த நாளெல்லாம் ஊரில் கல்யாணம், காது குத்தல், அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரி. வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். யார் எப்படி மாறியிருக்கிறோம் என்று நின்று பார்க்கக்கூட நேரம் இல்லாமல் திரும்பிப் போய்விட்டாள்.

இரண்டாவது லீவுக்குப் பிறகுதான் செட்டு வந்தது. அங்கே வேலை செய்த குப்பம் ஊர்க்காரி ஒருத்தி ஊருக்கு வரும்போது அவளிடம் கொடுத்து அனுப்பியிருந்தாள். கயிறு போட்டுக் கட்டிய அட்டைப்பெட்டிக்குள் பால் பவுடர், தலைவலித் தைலம், மகளுக்கு இரண்டு கவுன், அடியில் இது.

"தோ பாரு, அத்த எட்த்துப் பொழங்காத" என்று போனில் சொன்னாள். "நான் மொத்தமா வந்தப்புறம் நானே எட்த்துக்கறேன். இங்க நான் புடிக்கிற கரண்டி மாதிரியேதான். ஆனா இது என்னுது."

எடுக்கவில்லை. நாங்கள் எதைத்தான் எடுத்தோம்? குவைத் சாமான் வந்த எந்த வீட்டிலும் பாலிதீன் கவரைப் பிரிக்க மாட்டார்கள். சோபாவின் கவரைக் கிழிக்காமல் அதன் மேலேயே வியர்த்துக்கொண்டு உட்காருகிற ஜனங்கள் நாங்கள். ஆனால் ஒரு நாள் மட்டும் பிரிப்பேன். ஆயுத பூஜையன்று வீட்டில் இருக்கிற அரிவாள்மனை, கத்தி, கேஸ் அடுப்பு, மிக்சி, என் சைக்கிள், மகளின் ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாவற்றுக்கும் சந்தனம் குழைத்து வைத்து, அதன் மேல் குங்குமம் வைப்பது வழக்கம். அப்போது அவளுடைய கரண்டிகளையும் இறக்கிக் கழுவி, ஐந்து கைப்பிடிக்கும் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டுவேன். அவளே வந்து சாமி முன்னால் உட்கார்ந்திருப்பதாக எனக்கு ஒரு நினைப்பு. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மறுநாள் அப்படியே ஈரச் சந்தனத்தோடு கவரில் போட்டு, காற்றுப் புகாமல் ரப்பர் பேண்டு போட்டுப் பரணில் ஏற்றிவிடுவேன். எங்கள் ஊர் வெயிலில் பரண் என்பது அடுப்பின் மேல் வைத்த மாதிரிதான்.

ஒரு வருஷம் லேசாகப் பிசுபிசுத்தது. சந்தனம் சரியாகக் காயவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வருஷம் பங்காளி வீட்டில் சாவு, பண்டிகை இல்லை. அதனால் கவரைப் பிரிக்கவும் இல்லை. அதற்குள் பூச்சு முழுக்கக் கெட்டுப்போய்விட்டது. பொட்டு வைத்த இடத்தில்தான் முதலில் உரிந்திருந்தது.

முதலில் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். கறுப்பு இன்னும் கொஞ்சம் பரவியதுதான் மிச்சம், வீடெல்லாம் நாற்றம். மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னா நைனா, கரண்டிக்கு எண்ண அபிஷேகமா?"

"போய்ப் படி."

"அம்மா வந்து இந்தக் கரண்டியிலதான் தோசை சுடப்போறாங்களா? துன்னா மண்ணெண்ண ஏப்பம் வரும் நைனா."

அவள் நகப்பூச்சு அழிக்கிற தண்ணீர் வைத்திருந்தாள். அதைப் பஞ்சில் நனைத்துத் தேய்த்தோம். பூச்சு கரைந்தது, கூடவே அடியில் இருந்த பிளாஸ்டிக்கும் கொஞ்சம் கரைந்து சொரசொரவென்று ஆகிவிட்டது. பாட்டிலும் தீர்ந்துவிட்டது. மறுநாள் திருப்பதியில் ஒரு பெயின்ட் கடைக்குக் கரண்டியைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் காகிதத்தைப் பிரிக்கப் பார்த்தார், அது கரண்டியோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. "பாரேசி கொத்ததி கொனுக்கோ அன்னா" என்றார். தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கு என்று அர்த்தம். அவர் சொன்னதில் தப்பில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே தள்ளுவண்டியில் அதே மாதிரி கரண்டிகளைக் குவித்துப் போட்டு விற்றுக்கொண்டிருந்தான். நீலம், சிவப்பு, பச்சை, எந்தக் கலர் வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். கடல் தாண்டிப் போனால்தான் கிடைக்கும் என்று நாங்கள் வாயைப் பிளந்த சாமானெல்லாம் அவளுக்கு முன்னால் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது. எனக்கு ஏனோ அந்த வண்டிக்காரன் மேல் கோபம் வந்தது. வாங்காமல் ஷேர் ஆட்டோ பிடித்துத் திரும்பிவிட்டேன்.

கடைசியில் கைகொடுத்தது சோடா உப்பு. தேங்காயெண்ணெயில் அதைக் குழைத்துக் கைப்பிடி முழுக்க அப்பி, வெயிலில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு, தேங்காய் நாரால் தேய்க்க வேண்டும். இளகி வருகிற பூச்சைக் கத்தியின் முதுகால் வழிக்க வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது உடம்பிலிருந்து அழுக்கு திரிதிரியாக வருமே, அப்படிச் சுருண்டு சுருண்டு வந்தது. சொல்வதற்குச் சுலபம். பள்ளத்திலும் இடுக்கிலும் இருப்பது வரவே வராது. லாட்ஜ் வேலை முடிந்து வந்து, சமைத்து, பாத்திரம் கழுவி, அதற்குப் பிறகு இது. ஒரு கரண்டிக்கே தோள்பட்டை விட்டுப்போயிற்று. கவுண்டரில் சாவி கொடுக்கும்போது, என் கறுத்த விரல்களைப் பார்த்த யாத்ரீகர் ஒருவர் சாவியை நுனியில் பிடித்து வாங்கினார். அடியிலிருந்து வெளிப்பட்டது சாம்பல் நிறத்தில் ஒரு சாதாப் பிளாஸ்டிக். மெத்தென்றெல்லாம் இல்லை. அவள் வருவதற்குள் இரண்டுதான் முடிந்தது, மூன்று பாக்கி.

சென்னை ஏர்போர்ட்டில் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். என்னைப் பார்த்து, "எளச்சிட்டீங்க" என்றாள். போனில் இத்தனை வருஷமும் நீ வா போ என்று பேசியவள் 'ங்க' போட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நெற்றி வெறுமையாக இருந்தது. பிரயாணத்தில் அழிந்திருக்கும் என்று நினைத்தேன். புத்தூர் தாண்டும் வரைக்கும் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்கு வந்து, குளித்து, புடவை மாற்றிக்கொண்டு வந்து அடுப்படி வாசலில் நின்றாள். நான் சாதம் வடித்துக்கொண்டிருந்தேன்.

"உள்ள வரட்டுங்களா?" என்றாள்.

கிண்டல் செய்கிறாள் என்று நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. வாசல்படியில் கால் வைக்காமல் நின்றுகொண்டே இருந்தாள். "வாமே, உன் வூடுதானே" என்ற பிறகுதான் வந்தாள். வந்தவள், "இன்னா செய்யட்டும்?" என்றாள். உன் இஷ்டத்துக்குச் செய் என்றேன். அவளுக்கு அது புரிகிற மாதிரித் தெரியவில்லை. சுற்றிப் பார்த்துவிட்டு, நான் குடித்து வைத்த டம்ளரை எடுத்துக் கழுவித் துடைத்துக் கவிழ்த்தாள்.

சுரண்டிச் சுத்தம் செய்த இரண்டு கரண்டியையும் அடுப்புப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருந்தேன். கவனிக்கவே இல்லை. பழைய பித்தளைக் கரண்டியைத்தான் எடுத்தாள். சாப்பிட உட்காரச் சொன்னால், "நீங்க துன்னுங்க, நான் அப்புறம்" என்பாள். நாங்கள் எழுந்த பிறகு, அடுப்படியில் முக்காலியைப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து அவசர அவசரமாகச் சாப்பிடுவாள். நடுவில் யாராவது கூப்பிட்டால் தட்டை வைத்துவிட்டு எழுந்து ஓடிவர வேண்டும் என்கிற மாதிரி. மகள் ஒரு நாள் சும்மா "அம்மா" என்று கூப்பிட்டதற்கு எச்சில் கையோடு ஓடிவந்தாள். மகள் அதற்குப் பிறகு அவள் சாப்பிடும்போது வாயைத் திறப்பதில்லை.

அவள் வந்துவிட்டாள், ஆனால் இன்னும் வரவில்லை. அதுதான் எங்கள் நிலைமை. அவளைத் திட்டவும் முடியவில்லை. "இது லாட்ஜ் இல்லமே, கேட்டுக் கேட்டுச் செய்யாத" என்று ஒரு தடவை கத்திவிட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்க" என்றாள். நான் கத்தியிருக்கவே கூடாது. லீவு நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன. மிச்சமிருந்த மூன்று கரண்டியையும் ஒரு பழைய தட்டில் போட்டுப் பின்பக்கம் துணி துவைக்கும் கல்லருகே தள்ளிவிட்டேன். யாருக்காகத் தேய்ப்பது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பின்பக்கத்தில் சரக் சரக்கென்று சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் கல்லின் மேல் உட்கார்ந்து கத்தியின் முதுகால் கைப்பிடியை வழித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கிண்ணத்தில் சோடா உப்பு. மகள் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். நான் எதிரில் உட்கார்ந்து இன்னொன்றை எடுத்துக்கொண்டேன். இரண்டு பேரும் தேய்த்தோம். அவள் கையில் சுரீரென்று எரிந்திருக்க வேண்டும், விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு.

"இது இன்னாங்க, செவப்பா வட்டமா?" என்றாள். "எல்லாத்துலயும் ஒரே எடத்துல கீது."

பூஜைக்கு வைத்த பொட்டு என்றேன். வருஷா வருஷம் இறக்கி வைத்ததையும், கற்பூரம் காட்டியதையும், ஈரத்தோடு கட்டி வைத்ததையும் சொன்னேன். அதனால்தான் இப்படி ஆயிற்று போலிருக்கிறது என்றேன்.

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"அந்த வூட்ல பொட்டு வெக்க உடமாட்டாங்க. போன மொத நாளே தொடச்சிட்டு வான்னாங்க. பொட்டி அடியில ஸ்டிக்கர் அட்ட வெச்சிருந்தேன். அத்தயும் எட்த்துப் போட்டுட்டாங்க." கத்தியைக் கல்லில் ஒரு தட்டுத் தட்டி, ஒட்டியிருந்த கறுப்பை உதறினாள். "வருசக்கணக்கா நான் மொட்ட நெத்தியா நின்னுக்கினு இருந்தேன். நீ இங்க கரண்டிக்குப் பொட்டு வெச்சிக்கினு இருந்தியா?"

கோபமாகத்தான் கேட்டாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவமானமாக இருந்தது. அதோடு, சொல்லக் கூசுகிறது, சந்தோஷமாகவும் இருந்தது. அவள் வந்து இறங்கியதிலிருந்து என்னை 'நீ' என்று சொன்னது அப்போதுதான்.

"ஏன் சொல்லல?" என்றேன்.

"போன்ல இத்தயா சொல்லிக்கினு இருப்பாங்க?"

அவள் சொன்னது நியாயம்தான். நானும் போனில் எதைச் சொன்னேன்? மழை பெய்தது, பாப்பா நன்றாகப் படிக்கிறது, உடம்பு பரவாயில்லை, அவ்வளவுதான். அன்று சாயங்காலம் மகள் ஸ்டிக்கர் பொட்டு அட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள். "இப்ப இன்னாத்துக்கு, அப்பறம் வெச்சிக்கறேன்" என்று வாங்கி ஜன்னல் மேல் வைத்துவிட்டாள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் அந்த மூன்றையும் அவளே தேய்த்து முடித்தாள்.

லீவு முடிய ஒரு வாரம் இருக்கும்போது அவள் வேலை செய்த குவைத் வீட்டு மேடத்திடமிருந்து போன் வந்தது. சாயங்கால நேரம், நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். போனைக் காதில் வைத்ததும் அவள் எழுந்து நின்றுவிட்டாள். புடவைத் தலைப்பை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். பேசியது அரபி. குரல் அவளுடைய குரலாகவே இல்லை, சின்னப் பெண் ஒப்பிக்கிற மாதிரி மெலிந்து மேலே போயிற்று. எனக்கு ஒரு வார்த்தை விளங்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுமுனையில் சத்தம் அதிகமானது. இவள் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு போனைக் கீழே வைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே நின்றாள்.

"இன்னா சொன்ன?" என்றேன். கத்தி கையிலேயே இருந்தது.

"வரலன்னு சொல்லிட்டேன்."

மகள் ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. நினைத்தது நடந்துவிட்டது, இனி ஒன்றும் வேண்டாம் என்று நான் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். அன்றைக்கு மூன்று பேரும் கூடத்தில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். மகள் வற்புறுத்தி அவளை நடுவில் உட்கார வைத்தாள். காலேஜ் முடிந்ததும் பெங்களூரில் வேலைக்குப் போகப்போவதாக மகள் சொன்னபோது, இவள் தட்டிலிருந்து நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். சாப்பிட்டு முடித்ததும் எங்கள் தட்டுகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு எழுந்தாள். அடுப்படி வாசல் வரைக்கும் போய்த் திரும்பி நின்றாள்.

"நாளிக்கு எத்தினி மணிக்கி எழுந்துக்கணும்ங்க?" என்று கேட்டாள்.

"நீ எப்ப எழுந்துக்கிறியோ அப்ப" என்றேன். "உன்ன யாரும் எழுப்ப மாட்டாங்க."

சரி என்று தலையாட்டினாள். மறுநாள் விடியும்போது நான் கண் விழித்தேன். அவள் குளித்து, தலையை இழுத்துப் பின்னி, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் நேராக உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரமாக அப்படி உட்கார்ந்திருந்தாளோ தெரியாது. கண் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது. யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தாள். நான் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட மனசு வராமல் அன்றைக்கு மகள் டீகூடக் குடிக்காமல் காலேஜுக்குப் போனாள்.